பதினோரு பிட் எல்லப்பன்

"புது வண்டியில ரெண்டே ரெண்டு ஒயரு. அதுல இஞ்சின், மீட்டர்னு மொத்த வண்டியும் ஒண்ணுக்கொண்ணு பேசிகினு கெடக்குது. வண்டிக்கு எதுக்குங்க பேச்சு? ஓடினா போதாதா?"

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை வைத்திருந்த எல்லப்பன் இதை டீக்கடையில் சொல்வார், கல்யாணப் பந்தியில் சொல்வார், இழவு வீட்டில் குரலைத் தாழ்த்திச் சொல்வார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தொண்ணூற்றிரண்டில் ஒயரிங்குக்கு வந்தவர். எந்த ஒயர் எங்கே போகிறது என்று மிச்சப் பட்டு நூலில் நிறம் பார்த்து முடிச்சுப் போடுவார். தன்னைப்போல் ஒரு மெக்கானிக் பிறக்கவில்லை என்பது அவருக்கு அவரே கொடுத்த சான்றிதழ்.

இப்படிப் பேச்சைத் திட்டியவர்தான், வண்டி பேசுவதை ஒட்டுக்கேட்கும் ஸ்கேனர் ஒன்றை 2003இல் சென்னையில் பழையதாக வாங்கிவந்து ஊதுபத்தி காட்டினார்.

2008இல் களம்பூர் அரிசி மில் தனகோடி, ஹாரன் அடிக்காத புது லாரியோடு வந்தார். மேலே மூட்டைகள். பன்னிரண்டு மணிக்குள் சேத்துப்பட்டில் இறக்க வேண்டும்.

"ஜல்தி முடிப்பா. நல்லா செஞ்சின்னா மில்லு லாரி ஆறும் உன்கிட்டதான்."

ஹாரன் இரண்டு நிமிட வேலை. முடிந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆறு லாரிகள் கண்ணில் ஓட, "கம்ப்யூட்டர்லயும் ஒருவாட்டி பாத்துடலாங்க" என்று ஸ்கேனரைச் செருகினார். மீட்டர் முள்ளெல்லாம் படுத்துக்கொண்டன. இஞ்சின் எழவே இல்லை.

பேட்டரியைத் துடைத்தார். ஃப்யூஸ் மாற்றினார். ரிலே மாற்றினார். ஸ்கேனரை மட்டும் பிடுங்கவில்லை; டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றுவாரா? மணி ஒன்று.

ரிப்பேருக்கு விட்ட ஸ்கூட்டருக்காகக் காத்திருந்த பாலிடெக்னிக் வாத்தியார் நேமிநாதன் மெல்ல எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, உங்க டப்பா பழைய வெர்ஷன். பதினோரு பிட், அதாவது பதினோரு எழுத்து நீள அட்ரஸ்தான் அதுக்குத் தெரியும். லாரி இருபத்தொன்பது பிட்டுல பேசுது. நீளமா ஒண்ணு வந்தா, தப்பு தப்புன்னு கத்தி எல்லார் பேச்சையும் நிறுத்திடுது. அடுத்து வந்த டப்பாங்க புரியலைன்னாலும் கம்முனு இருக்கும்."

வாத்தியாரே பிடுங்கினார். லாரி உறுமி எழுந்தது.

"நல்லா இருந்த வண்டியப் படுக்க வெச்சி, நீயே வைத்தியம் பாத்துகினு இருந்தியா? இனிமே ஆறும் வேலூருக்குத்தான். அங்க மெக்கானிக், நான் எது சொன்னாலும் சரிங்கன்னு கேட்டுக்குவான்" என்றார் தனகோடி.

எல்லப்பன் ஸ்கேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"டப்பா மேல தப்பே இல்லீங்க. புரியாத பேச்சு காதுல வுழுந்தா, புரியலைன்னு கத்துது. ஒண்ணும் புரியாமலே சரிங்க சரிங்கன்னு தலையாட்டிகினு இருக்க, அது என்ன உங்க வேலூர் மெக்கானிக்கா?"