மூன்று நிமிடக் கோழி

கோழியின் கழுத்தை வலப்பக்கமாகத் திருகி, அலகை மூன்றுக்கு நேராக நிறுத்திவிட்டு, வெர்னா ஹம்மல் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "ம், ஆரம்பிங்க." எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் அதற்குப் பிறகு அவருடைய நேரம் கோழியின் கையில். மணி அடித்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். பாதி வாக்கியத்தில் இருந்தால் மீதிப் பாதியை அடுத்த மாதம் கொண்டுவரலாம்.

முட்டை வேகும் நேரம் பார்க்க வைத்திருக்கும் பிளாஸ்டிக் கோழிதான் அது. கொண்டையில் ஒரு பல் உடைந்திருக்கிறது. கார்வெல் பேரூராட்சி மன்றக் கூட்டம் மாதம் ஒருமுறை திங்கட்கிழமை மாலையில் நடக்கும். ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் எழுந்து, ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். முன்பெல்லாம் தலைவர் ரிச் கெல்லர்மன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவார். அவருடைய பட்டறையில் காரைப் பழுது பார்க்கக் கொடுப்பவர்கள் பேசும்போது அந்தக் கடிகாரம் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது என்று ஊரில் பேச்சு எழுந்தது. அடுத்த கூட்டத்துக்கு வெர்னா கைப்பையிலிருந்து கோழியை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுக்கு யாரையும் தெரியாது" என்றார். ஏழு உறுப்பினர்களில் ஒருவராக அவர் மன்றத்தில் பேசிய மிக நீளமான பேச்சு அன்றுவரை அதுவாகத்தான் இருந்தது.

பகலில் அவர் தொடக்கப் பள்ளியின் சமையலறையில் இருப்பார். தலையில் வலை, கையில் நீளக் கரண்டி. மசித்த உருளைக்கிழங்கு எல்லாத் தட்டிலும் ஒரே அளவு விழும். அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கும் அதே அளவுதான். ஆனால் அந்தத் தட்டின் ஓரத்தில் சாக்லேட் பால் ஒன்று கூடுதலாக உட்கார்ந்திருக்கும். அவர் கையால் சாப்பிட்டவர்கள் இன்று மீசை நரைத்த பிறகும் அவரை "மிஸ் வெர்னா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஊரின் தீயணைப்புத் தலைவரைப் பார்த்து, "காலர நேரா விடு கண்ணு" என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

கோழிக்கு நிரந்தர எதிரி ஸ்டான் டெம்சக். வெளியூர்ப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இலையுதிர் காலத்தில் குப்பை இலை அள்ளும் லாரி தன் தெருவுக்குக் கடைசியாக வருகிறது என்பது அவருடைய வழக்கு. வசந்தத்திலும் கோடையிலும்கூட அதைத்தான் பேசுவார். ஒவ்வொரு முறையும், "ஆகவே இந்த மன்றத்த நான் கேக்கறது என்னன்னா" என்று அவர் விரலை உயர்த்தும்போது மணி அடிக்கும்.

"அந்தக் கோழிய ஒருநாள் சூப்பு வச்சிடுவேன், வெர்னா."

"வை. ஆனா உட்காந்துக்கிட்டு வை."

வெர்னா கார் ஓட்டுவதில்லை. பேருந்து நிற்காத இந்த ஊரில் அது பெரிய விஷயம். இளம் வயதில் ஓட்டக் கற்றபோது தீயணைப்பு நிலையத்தின் பெரிய கதவில் மோதி நிறுத்தினார். அந்தக் கதவில் இன்னும் பள்ளம் இருக்கிறது. இரண்டு முறை வர்ணம் அடித்தார்கள், பள்ளத்தை மட்டும் நிமிர்த்தவில்லை. புதிதாக யார் ஊருக்கு வந்தாலும் அதைக் காட்டுவார்கள். வெர்னாவும் கூட நின்று சிரிப்பார்.

ஆகவே அவருக்கு ரயில்தான். ஞாயிறு பிற்பகலில் துணிப்பையில் எலுமிச்சைக் கேக்கும் சீட்டுக்கட்டுமாக நடைமேடையில் நிற்பார். சில நிலையங்கள் தள்ளி பெல்ஃபோர்டில் தங்கை ஜெர்ரி குடியிருக்கிறார். ஜெர்ரி, மாடிவீட்டு ரூயிஸ், முன்னாள் தபால்காரி நோரீன், வெர்னா. நால்வரும் இரண்டிரண்டு பேராகக் கூட்டுச் சேர்ந்து பினாக்கிள் என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். சீட்டாட்டத்தில் வெர்னா வேறு ஆள். கூட்டாளி தப்பான சீட்டை இறக்கினால், "அடடா, எந்தக் கையால போட்ட, அந்தக் கைய கழுவிட்டு வா" என்பார். இருட்டும் நேரத்துக்கு அதே ரயில் அவரைத் திருப்பிக் கொண்டுவந்து விடும்.

கார்வெல் உட்பட மூன்று ஊர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ரயிலே இனி இல்லை என்று ரயில் நிறுவனம் இந்தக் கோடையில் அறிவித்தது. மன்றம் கொதித்துப்போனது. எதிர்ப்புத் தீர்மானம் ஏழுக்கு ஏழு என்று நிறைவேறியது. கெல்லர்மன் வீட்டு விலைகள் சரியும் என்றார். இன்னொருவர் மாணவர்களைப் பற்றிப் பேசினார். ஒருவர் சுற்றுச்சூழல் என்றார். வெர்னா "ஆமாம்" என்று வாக்களித்துவிட்டுக் கோழியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீட்டாடப் போக ரயில் வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் நான்கில் ஒருவர் குறைந்தால் பினாக்கிள் கிடையாது. அன்று இரவு ஜெர்ரியிடம் தொலைபேசியில், "அவங்ககிட்ட பெரிய பெரிய காரணமெல்லாம் இருக்கு. என்னோடது பைக்குள்ள அடங்கிடும்" என்றார்.

"பையோடயே போய்ப் பேசு" என்றார் ஜெர்ரி.

செப்டம்பரில் ரயில் நிறுவனம் கருத்துக் கேட்க வந்தது. தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் நிரம்பி, ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். நகரத்திலிருந்து வந்திருந்த அதிகாரி வில்லிட்ஸ், இளைஞர், நல்ல கோட்டு. திரையில் முதல் படத்தைப் போட்டு, "சுருக்கமாக எங்கள் நிலையை" என்று தொடங்கினார். மேசையில் கரகரவென்று சத்தம் கேட்டது.

"என்ன மேடம் அது?"

"கோழி" என்றார் வெர்னா. "இங்க எல்லாருக்கும் மூணு நிமிஷம்."

வில்லிட்ஸ் சிரித்தார். கூடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது வரைபடத்தின் நடுவில் மணி அடித்தது. அவர் கெல்லர்மனைப் பார்த்தார். கெல்லர்மன் கூரையைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து ஸ்டான், "உட்காருங்க தம்பி, அதோட சண்ட போட்டு யாரும் ஜெயிச்சதில்ல" என்றார். வில்லிட்ஸ் உட்கார்ந்தார். அவர் முன்னால் யாரோ ஒரு டோனட்டை வைத்தார்கள்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள், கோழி ஒவ்வொருவரையும் உட்கார வைத்தது. கடைசியாகக் கெல்லர்மன், "மன்ற உறுப்பினர்ல பேசாதவங்க..." என்று இழுத்தார். பெல்ஃபோர்டிலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெர்ரி தொண்டையைச் செருமினார். வெர்னா எழுந்தார். மேசையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் ஞாயித்துக்கெழம சீட்டாடப் போறேன்" என்றார். "என் தங்கச்சி வீட்டுக்கு. நான் போகலன்னா அங்க மூணு பேரு ஆட்டமும் இல்லாம கேக்கும் இல்லாம ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அவ்வளவுதான் என் காரணம்."

அதோடு உட்கார்ந்திருப்பார். ஆனால் யாரும் சிரிக்காததால் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. ரயிலில் தன்னோடு வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மருந்துக்கடைப் பையன் சீருடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவது. விவாகரத்தான ஓர் அப்பா தன் மகளைக் கார்வெல் நடைமேடையில் அவள் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த ரயில் வரும்வரை அங்கேயே நின்று கையாட்டுவது. இருக்கை காலியாக இருந்தும் ஒட்டி உட்கார்ந்து, ஒரே தேவாலயப் பாட்டை ஆளுக்கொரு சுருதியில் முணுமுணுக்கும் இரண்டு கிழவர்கள்.

"ஸ்டான், உன் பேரனும் அதுலதான் வர்றான். நீ நடைமேடைல செய்தித்தாள் படிக்கிற மாதிரி நிப்ப. ஒருநாள் தலகீழா பிடிச்சிருந்த."

கூடம் வெடித்துச் சிரித்தது. ஸ்டான் கழுத்துவரை சிவந்தார். சிரிப்பு அடங்கும்வரை தொப்பியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். வெர்னா நிறுத்தவில்லை. ரயில் வளைவில் திரும்பும்போது கேக் சரியாமல் இருக்க அந்நியர்கள்கூடக் கை நீட்டுவது, குளிர்காலத்தில் எந்தப் பெட்டியில் சூடு நன்றாக வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாரும் சொல்லாமல் அதிலேயே வந்து கூடுவது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இத நிறுத்திட்டா நாங்க யாரும் செத்துட மாட்டோம். ஞாயித்துக்கெழம வீட்லயே கெடப்போம். அவ்வளவுதான், நன்றி" என்று உட்கார்ந்தார்.

அப்போதுதான் கோழியைப் பார்த்தார். அதன் அலகு பூஜ்யத்தில் நின்றுகொண்டிருந்தது. எழுந்தபோது அவர் அதைத் திருகவே இல்லை. வெர்னா கோழியைத் தூக்கி ஒருமுறை காதில் வைத்துப் பார்த்தார். கூடத்தில் அத்தனை பேரும் அதைக் கவனித்திருந்தார்கள். ஒருவர்கூட அவரை நிறுத்தியிருக்கவில்லை.

வெளியே, பள்ளம் விழுந்த கதவருகே ஸ்டான் காத்திருந்தார்.

"நான் செவுத்துக் கடிகாரத்தப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், வெர்னா."

"எவ்வளவு நேரம் பேசினேன்?"

"சொல்ல மாட்டேன்."

"ஸ்டான்!"

"கெடந்து தவி" என்று சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டே காரில் ஏறினார்.

அக்டோபர் கடைசியில் பதில் வந்தது. ஞாயிறு ரயில் தொடரும்; ஆனால் எண்ணிக்கை பாதியாகும்; அடுத்த ஆண்டு மறுபடி பார்ப்பார்கள். கெல்லர்மன் வெற்றி என்றார். வெர்னா புதிய நேர அட்டவணையை இரண்டு முறை படித்தார். திரும்பும் ரயில் முன்னைவிடத் தாமதம். அதாவது, இன்னும் ஓர் ஆட்டம் ஆடலாம். அந்த ஞாயிறு நான்கு பேரும் கேக்கைத் தீர்த்துவிட்டு அந்தக் கூடுதல் ஆட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆட்டத்தில் வெர்னாவும் ரூயிஸும் ஜெயித்திருந்தார்கள். சீட்டைக் கலைக்கும்போது, அன்று கூடத்தில் தான் எவ்வளவு நேரம் பேசினேன் என்று வெர்னா தங்கையிடம் மெல்லக் கேட்டார்.

"ஒம்பது நிமிஷம்" என்றார் ஜெர்ரி. "நாங்கூடப் பாத்தேன்."

வெர்னா சீட்டைக் கலைப்பதை நிறுத்தினார். "ஆறு கூடப் போயிடுச்சே" என்றார்.  அந்த ஆட்டத்தில் அவர் ஓர் எளிய சீட்டைத் தவறவிட்டார், ரூயிஸ் அவரிடம் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்.

நவம்பர் கூட்டத்தில் ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. பொதுமக்கள் பேசலாம் என்று கெல்லர்மன் சொல்வதற்குள் ஸ்டான் டெம்சக் எழுந்து, தொப்பியைக் கழற்றி, "லாரி விஷயம்" என்றார். யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

வெர்னா கோழியைத் தன் பக்கம் இழுத்து அதன் கழுத்தைத் திருகினார். கரகரவென்ற சத்தம் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. அலகு மூன்றைத் தாண்டியது. ஆறைத் தாண்டியது. ஸ்டானின் விரல் பாதி உயர்ந்தபடி அப்படியே நின்றது. ஒன்பதுக்கு நேராக அலகை நிறுத்தி, கோழியை அவர் பார்க்கும்படித் திருப்பி வைத்துவிட்டு, வெர்னா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.