பேரைச் சொன்னால்தான் ஊசி

எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட, நர்ஸான என் சித்தி முதலில் பெயரைத்தான் கேட்பாள். "உங்க அக்கா பிள்ளை சித்தி நான்!" என்று கத்தினால், "சொன்னாத்தான் மாத்திரை" என்று தண்ணீர் டம்ளரை நகர்த்திக்கொள்வாள். ஆண்கள் வார்டு ஊழியர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'பேர்சொல்லு'. வீட்டில் முதல் பட்டதாரியான எனக்கு, இது கவனமா வெறும் வீம்பா என்று நெடுநாள் பிடிபடவில்லை.

ஒருநாள் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய் வார்டு வாசலில் நின்றேன். விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்தாள். கட்டில்களில் எல்லாமே புது முகங்கள். சாப்பாட்டு வண்டி வருவதற்குள் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் போட்டாக வேண்டும்.

"ஒவ்வொருத்தர்கிட்டயும் பேட்டி எடுத்துட்டிருந்தா எப்படிம்மா? கட்டிலைப் பார்த்துப் போட்டுட்டுப் போ" என்றார் தலைமை நர்ஸ்.

"வண்டி கொஞ்சம் நிக்கட்டும் சிஸ்டர்."

மருந்துச் சீட்டின்படி ஜன்னலோரக் கட்டில் ஒரு தையற்காரருடையது. அங்கே படுத்திருந்தவர் சித்தியைக் கண்டதும் போர்வையை விலக்கிக் கையை நீட்டிவிட்டார்.

"உங்க பேரு சொல்லுங்கண்ணே."

"ஊசிதானே, போடுங்க. பேரைச் சொன்னா வலி குறையுமா?"

வார்டே சிரித்தது. "சொல்லிடுங்கண்ணே, அவங்க விடமாட்டாங்க" என்றார் தரை துடைத்துக்கொண்டிருந்தவர். தலைமை நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். சித்தியின் முகம் சிவந்தது. ஊசியின் மூடியை மட்டும் அவள் திறக்கவில்லை.

கடைசியில் அவர் சொன்ன பெயர் தையற்காரருடையது அல்ல. சித்தி அவருடைய மணிக்கட்டுப் பட்டையையும் படித்தாள். அவர் ஒரு கொத்தனார். பிற்பகல் குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக விடியற்காலையிலிருந்து பட்டினி. அந்த வெறும் வயிற்றில் இன்சுலின் ஏறியிருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கி, உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

"தெருவைப் பார்த்துட்டுப் படுக்கலாம்னு கேட்டேன். தையற்காரரு என் நடுக்கட்டிலுக்கு மாறிக்கிட்டாரு" என்றார் கொத்தனார்.

"சரி, எதுக்கு ஊசின்னு கேட்டிருக்கலாமில்ல?"

"நர்சம்மா கொண்டுவர்றதை எதிர்த்துக் கேக்கலாமா?"

"கேக்கணும். என்னையும் கேக்கணும்."

படித்தவர்கள் சொன்னால் பேசாமல் கை நீட்டுவது எங்கள் வீட்டிலும் வழக்கம்தான். பட்டம் வாங்கிய பிறகாவது நான் அதை விட்டேனா என்று யோசித்தேன்; நிச்சயமாகத் தெரியவில்லை.

சாப்பாட்டு வண்டி என் முதுகை இடித்தது. தலைமை நர்ஸே கை காட்டி அதை நிறுத்தினார். சித்தி நடுக்கட்டிலுக்குப் போனாள்.

"பேரு சொல்லுங்கண்ணே."

"அதான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே சிஸ்டர். தையற்காரன் நான் ஒருத்தன்தானே மிச்சம்!"

"இருக்கட்டும். சொல்லுங்க."