காத்தானுக்கு எடுத்துவைத்த சோறு

சபையாரே, தட்டு நிறையச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தான். அவனைச் சாப்பிடவைக்கும் வேலை என்னுடையது. அந்த நாட்களில் நான் பட்ட பாட்டையும் ஆண்டவர் எனக்குச் செய்ததையும் உங்கள் முன் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நான் பெரிய ஜெபக்காரன் இல்லை. பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் பின் பெஞ்சில் தலை ஆடும் ஆள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆகவே பெருமைக்காகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க மாட்டீர்கள்.

பெரிய யுத்தம் முடிந்த வருஷத்து ஐப்பசி மாதம். ஊர் முழுக்க அந்தப் பாழும் காய்ச்சல். அப்போது கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில், புத்தி பேதலித்தவர்களை வைத்திருக்கும் வார்டில் நான் அட்டெண்டன்ட். வீடு பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில் பாதையை ஒட்டி. மனைவி சாராள். ஒரே மகள் பாக்கியம், நாலு வயது. செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்விட்டாள். நான் அப்போது வார்டில் இருந்தேன். பாதி ஆட்கள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் லீவு கேட்கவே வாய் வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். வீட்டில் நானும் சாராளும் பிள்ளையின் பேரை எடுக்கவே இல்லை. நான் அழவும் இல்லை. என்ன விசுவாசம் பாருங்கள் என்று சபையில் சிலர் மெச்சினார்கள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

அடுத்த வாரம் முனியனைக் கொண்டுவந்தார்கள். கேரி தீவில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆள். படகில் கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து ரயிலில், கூட ஒரு போலீஸ்காரருடன் வந்து சேர்ந்தான். அவனுக்குத் தம்பி ஒருவன், பேர் காத்தான். இருவரும் ஒன்றாகக் கப்பலேறி வந்தவர்கள், ஒரே சட்டியில் பொங்கித் தின்றவர்கள். காய்ச்சலில் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். முனியன் நினைவு தெளிந்து எழுந்தபோது பக்கத்துக் கட்டில் காலி. காத்தானைப் புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

தோட்டத்தில் விடிவதற்கு முன் எல்லாரும் வரிசையாக நிற்க, கங்காணி பேர் கூப்பிடுவார். அதைப் பெரட்டு என்பார்கள். முனியன் பெரட்டில் நின்று தன் பேருக்கு ஒரு தடவையும் பட்டியலில் இன்னும் அடிக்கப்படாத தம்பி பேருக்கு ஒரு தடவையும் பதில் சொல்ல ஆரம்பித்தான். கங்காணி காத்தான் பேரைக் கூப்பிடுவதை நிறுத்தியதும் அவர்மேல் பாய்ந்துவிட்டான். அதனால்தான் எங்களிடம் அனுப்பினார்கள்.

எங்கள் வார்டிலும் அதுவே நடந்தது. விடியற்காலையில் வேலிப் பக்கம் விறைப்பாக நிற்பான். தானே கங்காணி மாதிரிக் குரல் மாற்றிப் பேர் கூப்பிடுவான்.

"முனியன்."

"இருக்கேனுங்க."

"காத்தான்."

"இருக்கானுங்க."

மற்ற நோயாளிகள் சிரிப்பார்கள். சில நாள் நானும் சிரித்திருக்கிறேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

டாக்டருக்கு அடுத்தபடி வார்டைக் கவனித்து மருந்து கொடுப்பவர் டிரஸ்ஸர். எங்கள் டிரஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. என்னைக் கூப்பிட்டு, "தம்பி செத்துப்போனான் எண்டு அவனிட்ட ஒண்டும் சொல்லாதை. சொன்னா விசர் கூடிப் போகும். விளங்குதோ?" என்றார். பைத்தியம் முற்றிவிடும் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். நம் வீடுகளிலும் அப்படித்தானே, நோயாளியிடம் சாவுச் செய்தியை மறைப்பதே தர்மம்.

மறுநாள் முனியன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, எந்தம்பி எங்கண்ணே?"

"தோட்டத்துலதான் இருக்கான். படகு கெடச்சதும் வந்துடுவான்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் சோற்றைப் பாதியாகப் பிரித்து ஒரு பங்கை எடுத்துவைத்தான். "தம்பி பசியோட வருவான்" என்றான். இரண்டு நாள் கழித்து முழுச் சோற்றையும் எடுத்துவைத்தான். தான் முந்திச் சாப்பிட்டுவிட்டால் தம்பிக்குப் பத்தாதாம். கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைப்பான். சோறு ஊசிப்போய் நாறும். நாங்கள் எடுத்துக் கொட்டினால் தலையில் அடித்துக்கொண்டு கத்துவான். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், ஊட்டிவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். கன்னம் ஒட்டியது. விலா எலும்பு தெரிந்தது. குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றச் சொன்னார்கள். இரண்டு பேர் தோளை அமுக்க, நான் காலைப் பிடித்தேன். அந்தக் கால்கள் துடித்த துடிப்பு இன்னும் என் கையில் இருக்கிறது. ஊற்றியதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டான்.

"இப்பிடியே போனா பத்து நாள் தாங்க மாட்டான்" என்றார் டிரஸ்ஸர்.

தட்டுகளைக் கழுவும் குழாயடியில் நின்று ஜெபித்தேன். வேறு இடம் எனக்கு இல்லை. ஆண்டவரே, இவன் தம்பியை மறந்துபோகட்டும், ஒரு வாய் சாப்பிடட்டும் என்று கேட்டேன். பிறகு, எனக்கும் மறந்துபோகட்டும் என்று சேர்த்துக் கேட்டேன். நாள்தோறும் கேட்டேன். அவன் இளைத்துக்கொண்டே போனான். ஒரு நாள் குழாயடியிலேயே கோபம் வந்துவிட்டது. பிள்ளையைத்தான் எடுத்துக்கொண்டீர், இந்த அநாதையையாவது விட்டுவைக்கக் கூடாதா என்று வாய்விட்டே கேட்டேன். பதில் இல்லை. நான் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் போதகர் ஐயர் ஒரு காரியம் செய்தார். காய்ச்சலில் நம் சபை இழந்தவர்களின் பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பேர் வரும்போது அந்த வீட்டார் எழுந்து நிற்க வேண்டும். மூன்றாவது பேர் வாசிக்கும்போதே நான் நழுவி வெளியே வந்துவிட்டேன். மரத்தடியில் நின்று, மாட்டு வண்டிகள் போவதை வேடிக்கை பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

ஆராதனை முடிந்து சாராள் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நம்ம பிள்ள பேரக் கூப்பிட்டாங்க. நான் மட்டுந்தான் எழுந்து நின்னேன்."

சபையாரே, எனக்கு அப்போதுதான் உறைத்தது. முனியன் செத்தவனை இருக்கிறான் என்கிறான். நான் செத்தவள் பேர் காதில் விழாமல் ஓடுகிறேன். இதில் பைத்தியம் யார்? இன்னொன்றும் புரிந்தது. அவனைப் பட்டினி போட்டது நான். வருவான் என்று நான் சொன்னதால் அல்லவா அவன் சோற்றை எடுத்துவைக்கிறான்! பொய்யையும் சொல்லிவிட்டு, அதன் விளைவை நீக்கும்படி ஆண்டவரிடம் மன்றாடியிருக்கிறேன். ஆண்டவர் பேசாமல் இருந்ததில் என்ன அதிசயம்?

திங்கட்கிழமை விடியலில் வேலியருகே போய் அவனுக்கு எதிரே நின்றேன்.

"முனியன்" என்று நானே கூப்பிட்டேன்.

"இருக்கேனுங்க."

அடுத்த பேர் வாயில் வரவில்லை. வேறு பேர் வந்தது.

"பாக்கியம்."

அவன் இரு பக்கமும் பார்த்தான். "யாருண்ணே அது?"

"எம்மவ. காய்ச்சல்ல போயிட்டா. இல்ல."

இல்லை என்ற சொல்லை அன்றுதான் முதல்முதலாகச் சொன்னேன். மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே சொன்னேன்: "காத்தானும் போயிட்டான் முனியா. வருவான்னு சொன்னது பொய். நாந்தான் சொன்னேன்."

அவன் என் கன்னத்தில் அறைந்தான். ஓடிவந்த ஆட்களைக் கிட்டே வர வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பிறகு அவன் தரையில் விழுந்து ஓலமிட்டான். அன்று முழுவதும் ஓயவில்லை. டிரஸ்ஸர் தூக்க மருந்தோடு வந்து என்னைத் திட்டித் தீர்த்தார். "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க ஐயா" என்று காலைப் பிடித்தேன். என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, அழட்டும். ஆனா நீ பக்கத்திலை இருக்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருந்தேன். அவன் அன்று சாப்பிடவில்லை. கொன்றுவிட்டேனோ என்று பயந்தேன்.

மறுநாள் மத்தியானம் தட்டை வாங்கினான். வழக்கம்போல் பாதியாகப் பிரித்தான். அவன் ஒரு பங்கை என் பக்கம் தள்ளினான்.

"நீங்களும் நேத்துலேந்து சாப்பிடல" என்றான்.

நோயாளியின் சோற்றை அட்டெண்டன்ட் தொடக் கூடாது என்பது சட்டம். தொட்டேன். இருவரும் சாப்பிட்டோம். நான் கேட்டது ஒன்று, ஆண்டவர் கொடுத்தது வேறு. மறக்கவைக்கச் சொன்னேன். அவர் சொல்லவைத்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

முனியன் பூரண சுகம் ஆனான் என்று சொன்னால் இன்னொரு பொய்யாகும். உடம்பு தேறியது. சில விடியல்களில் பிறகும் வேலிப் பக்கம் போய் நின்றான், பேர் கூப்பிடாமல். சில மாதம் கழித்து வடக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அப்புறம் அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. நான் வார்டில் இருந்த மீதி வருஷங்களில் துக்கப்படுகிறவர்களிடம் பொய் சொன்னதில்லை. யார் போனார்கள், பேர் என்ன என்று கேட்பேன். பெரும்பாலும் வேறு எதுவும் செய்ய முடிந்ததில்லை.

அவனோடு சாப்பிட்ட அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "பாக்கியம் கடைசியா என்ன பேசினா?" என்று சாராளிடம் கேட்டேன். அவள் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துவைத்தாள்.

"அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. இதோ வந்துடுவாருன்னு சொன்னேன். சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அத்தனை நாளும் அவள் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இருவரும் பேர் சொல்லி அழுதோம்.

சபையாரே, பேர் எடுக்க முடியாதபடி உங்கள் வீட்டிலும் யாராவது போயிருந்தால், ஆண்டவரை நம்பி அந்தப் பேரைச் சொல்லுங்கள். தனியாகச் சொல்ல முடியாவிட்டால் என் வீட்டுக்கு வாருங்கள். நானும் சாராளும் கூட உட்காருகிறோம்.