மைக் கிடைக்காத லதா

அம்பூரியில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் கணவரின் காலில் பாம்பு கடித்துவிட்டது. எங்கள் மடத்துச் சாமி தந்த திருநீற்றைக் காயத்தில் அப்பிவிட்டு, "மடத்துக்கு விடுங்கண்ணே" என்று ஆட்டோ ஓட்டும் ஸ்டீபன் அண்ணனிடம் கதறினேன்.

"மக்கா, சாமியைப் பெறவு பாக்கலாம். இப்பம் ஆசுபத்திரிக்காக்கும் போணும்" என்றவர், நேரே நெய்யாற்றின்கரை ஆசுபத்திரிக்கு வண்டியை விரட்டினார். விஷமுறிவு ஊசி போட்டார்கள். கணவர் பிழைத்தார்.

அடுத்த பஜனையில், சாமி செய்த அற்புதத்தைச் சொல்லும்படி என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். வாராவாரம் இப்படிப் பலர் சொல்லக் கேட்டுத்தான் அவர் தெய்வமேதான் என்று நானும் நம்பியிருந்தேன். அப்போது கடைசி வரிசையில் லதா கண்ணில் பட்டாள். முன்பு பாம்பு கடித்த அவள் கணவரை மடத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவர் இறந்துபோனார். அவளுக்கு நம்பிக்கை போதவில்லை என்றார்கள். அவள் கையில் மட்டும் யாரும் மைக்கைக் கொடுக்கவில்லை.

"ஊசியும் ஸ்டீபன் அண்ணனும் ஆக்கும் காப்பாத்தினது. லதாகிட்டயும் கேளுங்க" என்றேன். மைக்கை அணைத்துவிட்டார்கள்.

இப்போதும் பஜனைக்குப் போகிறேன். லதாவின் பக்கத்தில்தான் உட்காருகிறேன். யாராவது அற்புதம் சொன்னால் எழுந்து நின்று, மைக் இல்லாமலே உரக்கக் கேட்கிறேன்: "எந்த ஆசுபத்திரிக்குக் கொண்டு போனிய?"