பூவை வெளியே போட்ட வாத்தியார்

பயிற்சி ஆசிரியன் ராதோஸ்தின், கோடை முழுவதும் உட்கார்ந்து முதல் பாடத்துக்காக நாற்பது படங்களைக் கணினியில் செய்திருந்தான். செப்டம்பர் பதினைந்து, பள்ளி திறக்கும் நாள். ஒன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் மேற்பார்வை ஆசிரியை யோர்தான்கா உட்கார்ந்திருந்தார். அவர் போடும் மதிப்பெண்ணில் தேறினால்தான் அவனுக்கு வேலை.

அன்று பிள்ளைகள் ஆசிரியருக்குக் கொடுக்கப் பூவோடு வருவார்கள் என்பது பல்கேரியாவில் யாருக்கும் புதிதல்ல. அவனும் ஒரு காலத்தில் பூ கொண்டுபோனவன்தான். ஆனாலும் இருபத்திரண்டு பூங்கொத்துகளை எங்கே வைப்பது என்று அந்தப் புத்திசாலி யோசிக்கவேயில்லை. மேசையில் புரொஜெக்டரின் முன்னால் அவை குவிந்தன. திரையில் எழுத்துக்குப் பதில் தண்டும் இலையுமாக நிழல் விழுந்தது.

“சார், காடு தெரியுது!” என்று ஒருவன் கத்த, வகுப்பே சிரித்தது.

ராதோஸ்தினுக்கு முகம் சிவந்தது. பூக்களை வாரி வகுப்புக்கு வெளியே தாழ்வாரத் தரையில் போட்டான். ஒரு சிறுமி விம்மினாள். அவன் திரும்பியும் பார்க்கவில்லை. நாற்பது படங்களையும் ஓட்டி முடித்தான். பிள்ளைகள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யோர்தான்கா இரண்டு மதிப்பெண் போட்டார். ஆறுக்கு இரண்டு என்றால் தோல்வி.

“எல்லாம் சரியா ஓடுச்சே, மேடம்?”

“ஓடுச்சு. ஒரு பிள்ளை பேராவது கேட்டியா? புரொஜெக்டரை ஒரு முழம் முன்னால் நகர்த்த உனக்குக் கை இல்லையா?”

“ஒயர் நீளாது, மேடம்.”

“சாக்பீஸுக்கு ஒயர் எதுக்குப்பா?”

அவன் ஒயரைப் பத்திரமாகச் சுருட்டிக்கொண்டு, பூக்களை மிதித்தபடி வெளியே போனான். ஒயர் குட்டை என்று மேலிடத்துக்குப் புகார் எழுதப் போகிறானாம்.