குழாயடியில் வைத்த திருநீறு

எண்பத்து நாலில் எட்டாம் மாதமே பிறந்துவிட்டாள் என் மகள். அவசரக்காரன் பெற்றது வேறெப்படி வரும்! திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தொப்புளில் குழாய் செருகி ரத்தத்தில் மருந்து ஏற்றினார்கள்.

"குழாயத் தொட்டுறாதீங்க" என்றார் நர்ஸம்மா. அவர் நகர்ந்ததும், பெரிய புத்திசாலியாட்டம் சிறுவாச்சூர்க் கோயில் திருநீற்றைப் பெட்டிக்குள் கைவிட்டுத் தொப்புளில் குழாயடியில் பூசினேன்.

இரண்டாம் நாள் குழந்தை சில்லிட்டுத் துவண்டது. "குழாய் வழியா ரத்தத்துல கிருமி ஏறிடுச்சு. யாராச்சும் தொட்டீங்களா?" என்றார் டாக்டர். ஊரையே சிரிக்கவைக்கும் என் வாய், "இல்லீங்க சார்" என்றது.

நான்காம் நாள் போய்விட்டாள்.

இப்போது சோப்பு போட்டுக் கழுவாமல் எந்தப் பிள்ளையையும் தொடுவதில்லை. "என்ன மாமா, விருந்துக்கா வந்தீங்க?" என்று எங்கள் ஊர் குன்னத்தில் கேலி செய்வார்கள். காரணம் என் மனைவிக்குக்கூடத் தெரியாது. இதை நான் எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகையை வாராவாரம் எங்கள் வீட்டில் முதலில் பிரிப்பவள் அவள்தான்.