மெரூன் நைட்டியும் பழைய நம்பரும்

ராஜபாளையத்தில் நைட்டிக் கடை வைத்திருக்கிறேன். புதுச் சரக்கு வந்தால் வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவேன். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மாள் அக்காவின் நம்பருக்கு, "நீங்க கேட்ட மெரூன் நைட்டி எடுத்து வச்சிருக்கேன். எப்ப வாரீங்க?" என்று அனுப்பினேன்.

மறுநாள் கடை திறந்ததுமே, வாட்ஸ்அப்பில் என் கடை முகவரியைப் பார்த்து, ஒரு புதுப்பெண் புருஷனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட மங்கவில்லை. அவருடைய போனை என்னிடம் நீட்டி, "இவிய எதுக்கு உங்ககிட்ட நைட்டி கேட்டாவ?" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது! அந்த மனுஷனுக்கோ வியர்த்துக் கொட்டியது.

பதறிப்போய்க் கடை நோட்டைப் புரட்டினேன். அக்கா எப்போதோ தன் புது நம்பரை அதில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நான்தான் போனில் மாற்றவில்லை! அக்கா விட்டுவிட்ட பழைய நம்பரை போன் கம்பெனி இந்த மாப்பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறது. உடனே அக்காவின் புது நம்பருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். "ஏட்டி, என் மெரூன் நைட்டி வந்திருச்சா?" என்றார் அக்கா. அப்பாடா! புதுப்பெண் சிரித்தேவிட்டாள்.

இப்போதெல்லாம் யார் நம்பர் மாறியதாகச் சொன்னாலும், அவர்களை நிற்கவைத்தே பழையதை அழித்து, புதியதைப் பதிந்து, ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்துவிடுகிறேன்.

அந்தப் பெண்ணும் இப்போது என் வாடிக்கையாளர்தான். "முதல்ல இவிய நம்பரை அழிங்கக்கா" என்று சொல்லி, நான் அழிப்பதைக் கிட்டே நின்று பார்த்த பிறகுதான், தன் நம்பரைத் தந்தாள்!